எல்லைக் கோட்டின் அடியில்

ஈசாக்கின் வேலையாள்கள் தோண்டிய கிணறுகளைப் பற்றித் தொடக்கநூல் 26ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஊற்று கண்டதும் கெரார் மேய்ப்பர்கள் உரிமை கோரி வாதாடினர். பல நாடுகளின் அடியில் பரவியுள்ள ஊற்று எவருடையது என்னும் வழக்கோ நம் காலத்துக்குரியது.

பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே ஆகிய 4 நாடுகளின் அடியில் ஏறத்தாழ 11 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் செறிந்த மணற்பாறைப் படுகை ஒன்று உள்ளது. 1996இல் அதற்குக் குவாரனி என்று பெயர் சூட்டினர். அது அம்மண்ணின் தொல்குடி மக்களின் பெயர். 1609 முதல் இயேசு சபையினர் அவர்களிடையே குடியிருப்புகளை அமைத்ததைத் திருச்சபை வரலாற்றில் கற்றிருக்கிறோம். 1750இல் ஸ்பெயினும் போர்த்துகலும் மாட்ரிட் நகரில் புதிய எல்லையை வகுத்தன. உருகுவே ஆற்றின் கிழக்கே இருந்த 7 குடியிருப்புகளின் மக்கள் வெளியேறப் பணிக்கப்பட்டனர். மறுத்தோர்மீது இரு அரசுகளின் படைகளும் பாய்ந்தன. 1756இல் கைபாத்தே போர்க்களத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குவாரனியர் மாண்டனர். எல்லைகளால் சிதறுண்ட மக்களின் பெயரை எல்லையறியாத நீர் தாங்கி நிற்பது நம்மை உறுத்துகிறது.

இந்நீருக்கு வந்துள்ள சோதனை எரிவாயு. வாயு பொதிந்த களிப்பாறை நீர்ப்படுகைக்கும் கீழே கிடக்கிறது. துளைக்குழாய் நீரைக் கடந்தே அதனை எட்ட வேண்டும். பின்னர் வேதிப்பொருள் கலந்த நீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். குழாயைச் சூழ்ந்த சிமெண்டுப் பூச்சு பழுதுற்றால், கேடு அந்நாட்டோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை.

2010 ஆகஸ்டில் நான்கு நாடுகளும் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நகரில் உடன்படிக்கை செய்தன. அண்டை நாட்டுக்குப் பெருந்தீங்கு நேரலாகாது என்பதை அது ஏற்கிறது. ஆயினும் அவரவர் பகுதிக்கு அவரவரே இறைமை உடையவர் என்பதைத்தான் முதலில் நிலைநாட்டுகிறது. 1750இன் நிழல் இன்னும் அகலவில்லை போலும்! அது நடைமுறைக்கு வர 2020 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. நடுவர் தீர்ப்புக்கான விதிமுறைகளை அது பின்னொரு நெறிமுறைக்கு விட்டுவைத்தது.

இடைப்பட்ட காலத்தில் மக்கள் காத்திருக்கவில்லை. பாறைப் பிளப்பை அர்ஜென்டினாவின் என்த்ரே ரியோஸ் மாநிலம் 2017இலும், பிரேசிலின் பரனா மாநிலம் 2019இலும் தடை செய்தன. இத்தடைகள் அவற்றின் எல்லை வரையே செல்லும். என்த்ரே ரியோசுக்கு எதிர்க்கரையில் உள்ள உருகுவே 2017 டிசம்பரில் இயற்றிய தடையோ 4 ஆண்டுகளுக்கு மட்டுமே ஆனது. ஆழத்தில் தேங்கிய அந்நீரில் ஒரு பகுதி, மழையாய் மண்ணில் இறங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.