பாவசங்கீர்த்தனம்: திருச்சபையில் அதன் வளர்ச்சி

பாவசங்கீர்த்தனம் என்பது, திருமுழுக்குப் பெற்ற ஒருவர் தம் பாவங்களுக்காக மனம் வருந்தி, அவற்றைக் குருவிடம் அறிக்கையிட்டு, இறைவனின் மன்னிப்பையும் திருச்சபையோடு ஒப்புரவையும் பெறும் வழிபாட்டு முறை. கத்தோலிக்கத் திருச்சபையும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் இதை ஏழு அருட்சாதனங்களுள் ஒன்றாகக் கொள்கின்றன. தமிழ்க் கத்தோலிக்கர் இன்று இதை ஒப்புரவு அருட்சாதனம் என்றும் வழங்குகின்றனர். சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானவை சபையார் கூடிச் சொல்லும் பாவ அறிக்கையைக் கைக்கொள்கின்றன.

பாவசங்கீர்த்தனம் என்றதும், மரச்சட்டத்துக்கு ஒருபுறம் குரு அமர்ந்திருக்க, மறுபுறம் ஒருவர் முழந்தாளிட்டுத் தாழ்ந்த குரலில் பேசும் காட்சியே பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் காட்சியின் கூறுகள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தவை. தனிமையில் திரும்பத் திரும்ப அறிக்கையிடும் வழக்கம் அயர்லாந்துத் துறவியரால் பரவியது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் என்ற கட்டாயம் 1215இல் வந்தது. மரச்சட்டம் பதினாறாம் நூற்றாண்டு மிலான் நகரத்துக்குரியது. மன்னிப்பு உண்டு என்ற நம்பிக்கையைத் திருச்சபை விடாமல் காத்தது. அதை வழங்கும் முறையைப் பலமுறை மாற்றியமைத்தது.

தொடக்கக் காலம்

யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைச் சீடருக்கு அளிக்கிறார். யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் ஒருவர் மற்றவரிடம் பாவங்களை அறிக்கையிடப் பணிக்கிறது. எந்த முறையில், ஆயுளில் எத்தனை தடவை என்பதைப் புதிய ஏற்பாடு வரையறுக்கவில்லை.

முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களுக்குத் திருமுழுக்கே பாவமன்னிப்பின் பெருவாயில். அதன் வழியே புதுவாழ்வுக்கு வந்தவர் பிறகு கொலை, விபசாரம், சிலைவழிபாடு போன்ற கொடிய பாவத்தில் விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி இரண்டாம் நூற்றாண்டில் கூர்மையடைந்தது. ரோமில் எழுதப்பட்ட ‘எர்மாவின் மேய்ப்பர்’ என்னும் நூல், திருமுழுக்குக்குப் பின் ஒரே ஒருமுறை மனந்திரும்ப வாய்ப்புண்டு என்றது. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலில், பாவி சாக்குடை அணிந்து, சாம்பலில் கிடந்து, மூப்பர்கள் முன் விழுந்து, தமக்காக மன்றாடுமாறு சபையாரைக் கெஞ்சும் முறையை விவரிக்கிறார். பின்னாளில் கடும் ஒழுக்கத்தை வலியுறுத்திய மொந்தானிய இயக்கத்தில் சேர்ந்ததும், கொடிய பாவங்களைத் திருச்சபை மன்னிக்கக் கூடாது என்று அவரே வாதிட்டார்.

வதைக்கு அஞ்சி விழுந்தவர்கள்

250இல் பேரரசர் டீசியஸ், குடிமக்கள் எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி அதற்குச் சான்றிதழ் பெற வேண்டுமென ஆணையிட்டார். அப்படிப்பட்ட பப்பைரஸ் சான்றிதழ்கள் எகிப்தில் கிடைத்துள்ளன. உயிருக்கு அஞ்சிப் பல கிறிஸ்தவர்கள் பலியிட்டனர். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினர். வதை தணிந்ததும் அவர்கள் திருச்சபையின் கதவைத் தட்டினர்.

இவர்களை ஏற்பதா, தள்ளுவதா என்பதில் திருச்சபை பிளவுபட்டது. ரோமில் நொவாசியன் என்னும் குரு இவர்களுக்கு ஒருபோதும் ஒப்புரவு இல்லை என்று கூறிப் பிரிந்து சென்றார். அவருடைய கூட்டம் சில நூற்றாண்டுகள் நீடித்தது. கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் நடுவழி கண்டார். 251இல் அவர் கூட்டிய ஆயர் மன்றம், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளவும், உண்மையாகவே பலியிட்டவர்கள் நெடுங்காலத் தவமுயற்சி செய்து சாகுந்தறுவாயில் ஒப்புரவு பெறவும் வழிவகுத்தது. அடுத்த வதை நெருங்குவதாகத் தெரிந்தபோது, தவமுயற்சியில் இருந்த எல்லாரையும் அவர் உடனே ஏற்றார். நற்கருணையின் வலிமையின்றி அவர்களைச் சோதனைக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. பாவத்துக்கேற்ற அளவு, ஆயரின் தீர்ப்பு, நெருக்கடியில் தளர்வு என்று பின்னாளைய ஒழுங்கின் அடிப்படைகள் இந்த நெருக்கடியில் உருவாயின.

பகிரங்கத் தவமுயற்சி

நான்காம் நூற்றாண்டில் தவமுயற்சியாளர் தனி வரிசையினராக நிறுத்தப்பட்டனர். 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் 11ஆம் விதி, வற்புறுத்தலின்றி விசுவாசத்தைக் கைவிட்டவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளை விதித்தது: மூன்றாண்டு இறைவார்த்தை கேட்போராக, ஏழாண்டு விழுந்து வணங்குவோராக, இரண்டாண்டு நற்கருணை இன்றி இறைவேண்டலில் மட்டும் பங்குபெறுவோராக. சாகுந்தறுவாயில் உள்ளவருக்கு நற்கருணையை மறுக்கக் கூடாது என்று 13ஆம் விதி கூறியது.

செசரியாவின் ஆயர் பெரிய பசில் எழுதிய ஒழுங்குமுறை மடல்களில் இந்தப் படிநிலைகளை அருகிலிருந்து காணலாம். வேண்டுமென்றே கொலை செய்தவருக்கு இருபது ஆண்டுகள். முதல் நான்கு ஆண்டுகள் அவர் கோயில் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே செல்வோரிடம் தமக்காக மன்றாடுமாறு அழுது கேட்பார். அடுத்த ஐந்து ஆண்டுகள் வாசகங்களைக் கேட்டதும் வெளியேறுவார். பின் ஏழு ஆண்டுகள் விழுந்து வணங்குவார். கடைசி நான்கு ஆண்டுகள் மற்றவர்களோடு நிற்பார், ஆனால் அப்பத்தில் பங்கு இராது. தண்டனை கடுமையானதுதான். ஆனாலும் உள்ளே போகும் ஒவ்வொருவரும் அவருக்காக வேண்டக் கடமைப்பட்டிருந்தனர். ஒருவரின் பாவத்தைச் சபை முழுவதும் சுமந்தது.

அதிகாரத்தில் இருந்தோரும் இதற்கு விலக்கல்லர். 390இல் தெசலோனிக்காவில் மக்களைப் படுகொலை செய்ய வைத்த பேரரசர் தியோடோசியஸை, மிலான் ஆயர் அம்புரோஸ் நற்கருணையிலிருந்து விலக்கினார். அரச உடையைக் களைந்து சபையார் நடுவில் தவமுயற்சி செய்த பின்னரே அவர் மீண்டும் ஏற்கப்பட்டார்.

ரோமில் தவமுயற்சியாளர் பெரிய வியாழனன்று ஒப்புரவு பெற்றனர். 416இல் திருத்தந்தை முதலாம் இன்னசென்ட் எழுதிய மடல் இதைக் குறிப்பிடுகிறது. தவமுயற்சியாளர்மீது சாம்பல் தூவும் வழக்கம் பின்னர் எல்லா விசுவாசிகளுக்கும் விரிந்தது. இன்றைய திருநீற்றுப் புதன் சடங்கு அந்தப் பழைய ஒழுங்கின் எச்சம்.

தவமுயற்சி பகிரங்கமானதே தவிர, பாவத்தை ஊரறியச் சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. பாவப் பட்டியலைச் சபையில் உரக்க வாசித்த சில ஆயர்களை 459இல் திருத்தந்தை பெரிய லியோ கண்டித்தார். ஆயரிடமோ குருவிடமோ மறைவாகச் சொன்னால் போதும் என்றார்.

இந்த முறை தன் கடுமையாலேயே தேய்ந்தது. ஆயுளில் ஒருமுறைதான் வாய்ப்பு. அதன்பின் திருமணம், படைப்பணி, வணிகம் முதலியவற்றில் வாழ்நாள் தடைகள். எனவே மக்கள் அதை மரணப்படுக்கை வரை தள்ளிப்போட்டனர். 506இல் ஆக்து நகரில் கூடிய ஆயர் மன்றம், இளைஞருக்குத் தவமுயற்சியை எளிதில் வழங்க வேண்டாம் என்று தானே எச்சரித்தது.

அயர்லாந்துத் துறவியர் கொணர்ந்த மாற்றம்

அயர்லாந்தில் பெருநகரங்களோ ரோம ஆட்சியோ இருந்ததில்லை. கிறிஸ்தவ வாழ்வு துறவற மடங்களைச் சுற்றி அமைந்தது. துறவி ஒருவர் தம் உள்ளத்து நிலையை ‘ஆன்மத் தோழர்’ எனப்பட்ட மூத்தவரிடம் அடிக்கடி திறந்து சொல்வார். இவ்வழக்கம் மடத்துக்கு வெளியே பொதுமக்களுக்கும் பரவியது. எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் ரொட்டியும் தண்ணீருமாக ஒருசந்தி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் பரிகாரக் கையேடுகள் எழுந்தன. கொலும்பானுஸ் போன்ற துறவியர் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றை ஐரோப்பிய நிலப்பரப்புக்குக் கொண்டுசென்றனர்.

பகிரங்கம் மறைந்தது, ஆயரின் இடத்தில் சாதாரணக் குரு வந்தார், எத்தனை முறை விழுந்தாலும் அத்தனை முறையும் எழ வழி பிறந்தது. 589இல் ஸ்பெயினில் கூடிய மூன்றாம் தொலேதோ மன்றம் இதை வன்மையாகக் கண்டித்துப் பழைய ஒழுங்குக்குத் திரும்ப ஆணையிட்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் பிரான்சின் ஷாலோன் நகரில் கூடிய ஆயர்களோ இதை எல்லாருக்கும் நன்மை தருவதாக ஏற்றனர். எதிர்ப்பு அதோடு நின்றுவிடவில்லை: கையேடுகளின் ஒழுங்கின்மையால் சலித்த 829ஆம் ஆண்டுப் பாரிஸ் மன்றம், அவற்றைத் தேடி எரிக்கச் சொன்னது. மக்கள் ஏற்றுக்கொண்ட வழக்கத்தை ஆணைகளால் தடுக்க இயலவில்லை.

1215ஆம் ஆண்டுச் சட்டம்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறையியலாளர் கவனத்தைப் பரிகாரத்தின் அளவிலிருந்து உள்ளத்து மனஸ்தாபத்துக்குத் திருப்பினர். பரிகாரம் நிறைவேறிய பிறகு வழங்கப்பட்ட மன்னிப்பு, அறிக்கையிட்ட உடனேயே வழங்கப்படலாயிற்று. பீட்டர் லொம்பார்டு தொகுத்த ஏழு அருட்சாதனங்களின் வரிசையில் இதுவும் இடம்பெற்றது.

1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கத்தின் 21ஆம் விதி, விவரம் தெரியும் வயதை அடைந்த ஆண், பெண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நற்கருணை உட்கொள்ள வேண்டும் என்றது. குருவை அது மருத்துவருக்கு ஒப்பிட்டு, நோயாளியின் நிலையறிந்து மருந்திடப் பணித்தது. 589இல் கண்டிக்கப்பட்ட வழக்கம் இவ்வாறு 626 ஆண்டுகளில் எல்லாருக்குமான கடமையாயிற்று. கோடிக்கணக்கான மக்களின் அறிக்கையைக் கேட்கத் தேர்ந்த குருக்கள் தேவைப்பட்டனர். தொமினிக்கன், பிரான்சிஸ்கன் சபையார் அப்பணியில் முன்நின்றனர்.

இதே காலத்தில் வளர்ந்த பாவத்தண்டனைக் குறைப்புப் பலன்கள், பின்னர் பணத்தோடு பிணைந்து பெருங்கேட்டை விளைத்தன.

சீர்திருத்தமும் திரெந்து பொதுச்சங்கமும்

1517இல் மார்ட்டின் லூதர் முன்வைத்த 95 கருத்துரைகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. பலன்களின் விற்பனையை எதிர்த்த லூதர், தனி அறிக்கையை ஆறுதல் தரும் கொடையாக மதித்தார். எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்லும் கட்டாயத்தையே மறுத்தார். 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 11ஆம் பகுதி இதே நிலையைப் பதிவுசெய்கிறது. ஜெனீவாவில் கால்வின் தனி அறிக்கையின் கட்டாயத்தை நீக்கினார். இங்கிலாந்துத் திருச்சபையில் சபையார் ஒன்றாகச் சொல்லும் பாவ அறிக்கை வழிபாட்டின் பகுதியாயிற்று. தமிழகத்தின் லுத்தரன் சபைகளிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் அந்த மரபு தொடர்கிறது.

1551 நவம்பரில் திரெந்து பொதுச்சங்கம் இதற்கு மறுமொழி தந்தது. நினைவுக்கு வரும் சாவான பாவங்கள் ஒவ்வொன்றையும் குருவிடம் வெளிப்படுத்துவது இறைச்சட்டத்தால் தேவையானது என்று அறிவித்தது. மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோ, குருவுக்கும் அறிக்கையிடுபவருக்கும் நடுவே துளையிட்ட தடுப்பு கொண்ட இருக்கையைத் தம் மறைமாவட்டத்தில் கட்டாயமாக்கினார். முறைகேட்டுக்கு இடந்தராமல், குறிப்பாகப் பெண்களுக்குப் பாதுகாப்பாக, கோயிலின் திறந்தவெளியிலேயே அது அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. 1614ஆம் ஆண்டு ரோமைச் சடங்குநூல் வழியாக அது உலகெங்கும் பரவியது.

தமிழில் ஒரு கையேடு

இந்த ஒழுங்கு தமிழகக் கடற்கரைக்கும் அதே காலத்தில் வந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். தமிழறியாத அயல்நாட்டுக் குரு போதனையை மொழிபெயர்ப்பாளர் துணையோடு நடத்தலாம். ஆனால் பாவத்தை மூன்றாம் ஆளின் காதுபடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இங்கு உழைத்த போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு என்றீக்கே என்றீக்கஸ், அண்டிரிக் அடிகளார் என அறியப்படுபவர், தமிழை ஆழ்ந்து கற்றார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆகியவற்றை அச்சிட்டபின், 1580இல் கொச்சியிலேயே பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையை விளக்கும் ‘கொம்பெசியொனாயரு’ நூலை வெளியிட்டார். தமிழ் அச்சின் முதல் சில நூல்களுள் ஒன்று பாவசங்கீர்த்தனக் கையேடு என்பது, திரெந்துக்குப் பிந்தைய திருச்சபை இதற்கு அளித்த இடத்தைக் காட்டுகிறது.

கீழைத் திருச்சபைகள்

கிரேக்க, ஸ்லாவிய மரபுகளில் அறிக்கையிடுபவர் கிறிஸ்துவின் திருவுருவத்தின் முன் நிற்கிறார். குரு அருகில் சாட்சியாக நிற்கிறார். இறுதியில் தம் தோளாடையை அவர் தலைமேல் வைத்து மன்னிப்புக்காக மன்றாடுகிறார். கடவுள் உன்னை மன்னிப்பாராக என்ற வேண்டலே இங்கு மையம். நான் உன்னை மன்னிக்கிறேன் என்ற தீர்ப்பு வடிவம் மேலைத் திருச்சபையில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நிலைபெற்றது.

இரகசியக் காப்பு

லாத்தரன் சங்கம், கேட்டதை வெளியிடும் குருவைப் பதவிநீக்கி, ஆயுள்முழுதும் மடத்தில் அடைத்துத் தவமுயற்சி செய்ய வைக்க ஆணையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டப்படி, நேரடியாக இரகசியத்தை உடைப்பவர் அந்தச் செயலாலேயே சபைநீக்கத்துக்கு உள்ளாகிறார். 1393இல் பிராகா நகரின் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட நெப்போமுக் யோவானைப் பின்னாளைய மரபு இந்த இரகசியத்தின் மறைசாட்சியாகப் போற்றுகிறது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களை விசாரித்த ஆஸ்திரேலிய அரசு ஆணையம், பாவசங்கீர்த்தனத்தில் அறிந்தாலும் புகாரளிப்பதைக் கட்டாயமாக்க 2017இல் பரிந்துரைத்தது. அங்குள்ள சில மாநிலங்கள் சட்டமும் இயற்றின. குழந்தைகளின் பாதுகாப்பும் மனச்சான்றின் தனிமையும் எதிரெதிரே நிற்கும் கடினமான கேள்வி இது.

இருபதாம் நூற்றாண்டும் இன்றும்

1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், ஏறத்தாழ ஏழு வயதிலேயே குழந்தைகள் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை பெற வழிசெய்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பணிப்பால் 1973இல் வெளியான புதிய சடங்குமுறை மூன்று வடிவங்களைத் தந்தது: தனி ஒப்புரவு, கூட்டு வழிபாட்டில் தனித்தனி அறிக்கை, மிகுந்த தேவையின்போது பொது அறிக்கையும் பொது மன்னிப்பும். மூன்றாவது வடிவம் வேண்டியபோதெல்லாம் கையாளப்படுவதைத் தடுக்க 2002இல் இரண்டாம் யோவான் பவுல் அதன் எல்லைகளை வலியுறுத்தினார். 2020 மார்ச்சில், கொரோனா பெருந்தொற்றின் கடும் நெருக்கடியில், அந்த வடிவம் பொருந்தக்கூடும் என்று வத்திக்கானின் மனச்சான்றுத் தீர்ப்பாயம் அறிவித்தது.

அந்த அறிவிப்பு புதுமையாகத் தோன்றினாலும், வதை நெருங்கியபோது சிப்ரியான் எடுத்த முடிவின் வழியில் வந்ததுதான். இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் கடுமை பேசியவர்களுக்கும் வலுவான காரணங்கள் இருந்தன. பாவத்தைச் சிறிதாக்கக் கூடாது என்று அவர்கள் அஞ்சினர். ஆயினும் மன்னிப்பு எட்டாத தொலைவுக்குப் போன ஒவ்வொரு காலத்திலும் அதை மக்கள் அருகே கொண்டுவரும் வழியைத் திருச்சபை தேடிக் கண்டது. பாவசங்கீர்த்தனம் இன்றளவும் நிலைத்திருப்பதற்கு அந்தத் தேடலே காரணம்.