பொழியூர் மரமும் பிரிஸ்பேன் கட்டமரானும்

பாறசாலைக்காரன் என்று சொன்னால் இங்கே பிரிஸ்பேனில் தமிழர்கள் முதலில் கேட்பது, "அப்போ நீங்க மலையாளியா?" மலையாளிகளிடம் சொன்னால், "தமிழ்நாட்டு பார்டர்தானே?" என்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டப் பழகிவிட்டேன். இந்தப் பதிவு அதைப் பற்றியது இல்லை. ஆனால் அந்த பார்டர் நடுவில் ஒருமுறை வந்து போகும்.

ஈஸ்டர் சமயம் இங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய வெள்ளியன்று ஷார்ன்கிளிஃப் கரையில் கூட்டம் கூடிவிடும். பிரிஸ்பேனிலிருந்து கிளாட்ஸ்டன் வரைக்குமான பாய்மரப் படகுப் போட்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது. 1949இல் ஆரம்பித்தது. 308 கடல் மைல், அதாவது சுமார் 570 கிலோமீட்டர், கரையை ஒட்டி வடக்கே போகவேண்டும். (எங்கள் பக்கத்துக் கடற்கரையில் பெரிய வெள்ளிக்கு யாரும் மரம் இறக்க மாட்டார்கள். இங்கே அன்றைக்குத்தான் இறக்குகிறார்கள்!)

என் அலுவலகத்தில் ஒருவர் இந்தப் பைத்தியம் பிடித்தவர். சொந்தப் படகு கிடையாது. ஸ்போர்ட்ஸ்போட் என்கிற சின்னப் படகுகளில் குழுவில் ஒருவராகப் போகிறவர். இருபது சொச்சம் அடி நீளம், எடை குறைந்த உடல், அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய பாய், நாலைந்து பேர். ஒருவர் சுக்கான் பிடிப்பார், ஒருவர் பாய்க்கயிற்றை இழுத்தும் விட்டும் கொண்டிருப்பார், ஒருவர் முன்பக்க வேலை. மற்றவர்களின் முக்கிய வேலை என்ன தெரியுமா? காற்று வரும் பக்கத்து விளிம்பில் போய் உட்கார்ந்து படகு சாயாமல் உடம்பால் அழுத்துவது. சில வகைப் படகுகளில் குழுவின் மொத்த எடைக்கே வரம்பு இருக்கிறது, கரையில் நிறுத்தி எடை பார்க்கிறார்கள். இதைக் கற்றுக்கொள்ள வகுப்பு, கட்டணம், சான்றிதழ் எல்லாம் உண்டு.

அவர் இதையெல்லாம் உற்சாகமாக விளக்கிக்கொண்டு வந்தபோது எனக்குப் பொழியூர்தான் ஞாபகத்தில் ஓடியது.

ஊர் தெரியாதவர்களுக்காக: பாறசாலை கடற்கரை ஊர் இல்லை. ரயில் நிலையம், சிவன் கோவில், ரப்பர், வாழை என்று இருக்கிற ஊர். அங்கிருந்து தென்மேற்கே போனால் கடல் வந்துவிடும். நெய்யாறு கடலில் விழும் பூவாறு, அதற்குத் தெற்கே பொழியூர், பருத்தியூர், கொல்லங்கோடு. அதோடு கேரளம் முடிந்து நீரோடி ஆரம்பம். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்கள் வரிசையாகத் தாமிரபரணி (நெல்லையில் ஓடுவது இல்லை, குழித்துறையாறு) கடலில் சேரும் இடம் வரை. நடந்து போனால் எங்கே ஒரு ஊர் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதம் எழுதினாரே, அதே கரை.

இந்தக் கரைக்குத் துறைமுகம் கிடையாது. மணல் சட்டென்று சரியும், அலை கரையிலேயே வந்து உடையும். இதில் பலகை வைத்த படகை இறக்கினால் நொறுங்கிவிடும். அதனால்தான் கட்டுமரம். எங்கள் பக்கத்தில் 'கட்டு' எல்லாம் சொல்வதில்லை, வெறும் 'மரம்'தான். எடை குறைந்த மரத்தண்டுகள் நாலைந்தைச் செதுக்கி, முன்பக்கம் சற்று மேலே வளையும்படி அமைத்து, கயிறு போட்டுக் கட்டியது. ஆணி கிடையாது. உள்ளே தண்ணீர் புகும் என்ற பயமே இல்லை, ஏனென்றால் உள்ளே என்று ஒன்று இல்லை. அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, ஆட்கள் நீந்தி வந்து புரட்டிப் போடுவார்கள். கரைக்கு வந்தபின் கட்டை அவிழ்த்துத் தண்டுகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் ஓடாது.

சின்ன மரத்தில் இரண்டு பேர், பெரியதில் மூன்று நான்கு பேர். பின்பக்கம், அதாவது அமரத்தில், இருப்பவரிடம் திசை. அணியத்தில் இருப்பவர் முன்னால் பார்த்துக்கொள்வார். நடுவில் இருப்பவரிடம் பாய். காற்றுக்குக் குறுக்கே போகும்போது மரம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத் தண்டுகளின் ஓரத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். ஸ்போர்ட்ஸ்போட்டின் அடியில் இருக்கும் கீல் செய்கிற வேலையில் இது ஒரு பாதி. மறுபாதியான சாயாமல் காக்கும் வேலை இங்கேயும் ஆட்களின் உடம்புக்குத்தான். காற்று குறைந்தால் பாயின் மேல் கடல்நீரை வாரி இறைப்பார்கள். நனைந்த பருத்தித் துணியின் இழைகள் நெருங்கிக் காற்றைக் கசியவிடாது. எங்கள் கரைக்கு எதிர்ப்பக்கம் இலங்கையில் சிங்கள மீனவர்கள் பக்கமிதவை வைத்த படகில் காற்றின் வேகத்தையே ஆள் கணக்கில் சொன்னார்களாம். மிதவையின் மேல் ஒரு ஆள் ஏறி உட்கார வேண்டியிருந்தால் ஒராள் காற்று, இரண்டு பேர் என்றால் ஈராள் காற்று. இதைவிடத் துல்லியமான காற்றுமானி எனக்குத் தெரியாது.

ஒரு நாள் வேலை முழுவதும் காற்றின் கால அட்டவணைப்படிதான். விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் கரைக்காற்றில் பாய் விரித்துப் போகவேண்டும். வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், அதில் வீட்டுக்கு வரவேண்டும். நடுவில் மீன் இருக்கும் பாரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் 'கணிச்சம்' வைப்பார்கள். கிழக்கே ஒரு மலையையும் கரையில் ஒரு கோவில் கோபுரத்தையோ தனித்த தென்னையையோ ஒரே கோட்டில் கொண்டுவருவது. வேறு திசையில் இன்னும் இரண்டை அப்படிச் சேர்ப்பது. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் பார். அகத்தியர் மலை 1,868 மீட்டர், வானம் தெளிவாக இருந்தால் அந்த உச்சி வெகுதூரம் வரை கூடவே வரும். பள்ளிக்கூடத்தில் எனக்கு வியர்க்கவைத்த முக்கோணக் கணக்கை இவர்கள் மரத்தின் மேல் நின்று ஆடிக்கொண்டே போட்டிருக்கிறார்கள்.

நீண்ட கரையோரப் பயணமும் புதிதில்லை. பருவம் மாறினால் மீன் இருக்கும் இடம் மாறும். ஆனி ஆடியில் தென்கரையில் மரம் இறக்க முடியாத நாட்களில் வடக்கே நீண்டகரை, கொச்சிப் பக்கம் குடும்பத்தோடோ குழுவாகவோ போய்த் தங்கித் தொழில் செய்கிற வழக்கம் தலைமுறைகளாக இருந்திருக்கிறது. பின்னாளில் விசைப்படகு வந்தபின் தூத்தூர் ஊர்க்காரர்கள் சுறாவைத் தேடி லட்சத்தீவு, குஜராத் கடல் வரைக்கும் போய் இந்தியா முழுவதும் பெயர் வாங்கினார்கள். கோப்பைதான் யாரும் கொடுக்கவில்லை.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி (பாதிக் கடற்கொள்ளைக்காரர்) 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்ததாகச் சொல்லி 'கட்டமரான்' என்று எழுதினார். வார்த்தை ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. 1876இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற 28 வயது படகு வடிவமைப்பாளர் இரண்டு ஒல்லியான உடல்களைச் சட்டத்தால் இணைத்து 'அமாரிலிஸ்' என்ற படகைச் செய்து நியூயார்க் போட்டியில் இறக்கினார். பெரிய பெரிய படகுகளை எல்லாம் அது முந்தியது. தோற்றவர்கள் புகார் கொடுத்தார்கள், அந்த மாதிரிப் படகே போட்டிக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த இரட்டை உடல் படகுகளுக்குக் கட்டமரான் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

உண்மையில் இரட்டை உடல் யோசனை பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் நம்முடையது. இரண்டு பேருமே உரிமைத்தொகை வாங்கவில்லை :-) பிரிஸ்பேன் ஆற்றில் 1996 முதல் ஓடுகிற சிட்டிகேட் படகில் தினமும் ஏறி இறங்குகிறோமே, அந்த 'கேட்' பூனை இல்லை, நம் கட்டுமரத்தின் முதல் எழுத்துகள். என் பெண்ணிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை, அகராதியைப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள். தமிழிலிருந்து உலகத்துக்குப் போன வார்த்தை என்று நாம் மேடையில் பெருமை பேசுகிறோம். அந்த வார்த்தையைக் கட்டிய கைகள் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

பார்டர் கதை சுருக்கமாக. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கக் கேட்டு நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்குப் போனது, கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பொழியூர் ஒரு மாநிலம், நீரோடி இன்னொரு மாநிலம். ஆனால் தூத்தூர் பக்கத்துப் பங்குகள் இன்றைக்கும் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. கடலில் அந்தக் கோட்டை யாரும் போடவில்லை. மரத்தில் ஏறும்போது தாசில்தார் யார் என்று பார்த்து ஆள் சேர்ப்பதில்லை.

பாய் எப்போது போனது? அரசியலால் இல்லை, மண்ணெண்ணெயால். 1970களின் பிற்பகுதியில் பியர் ஜிலே என்ற பெல்ஜியப் பொறியாளர் முட்டத்தில் மீனவர்களோடு உட்கார்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கத் தொடங்கினார். நல்ல மரத்தண்டு கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிக்கொண்டிருந்த காலம். 1980களில் யமஹா, சுசுகி வெளிப்பொருத்து மோட்டார்கள் வந்தன. அதன்பின் பத்து வருடத்துக்குள் பாய் சுருட்டி வைக்கப்பட்டது. இதற்காக யாரும் அழவேண்டியதில்லை. காற்று நின்றுபோன மத்தியானத்தில் துடுப்புப் போட்டுக் கை புண்ணான எவரும் மோட்டாரைத் திட்டமாட்டார்கள். ஆனால் கடன் வந்தது, எண்ணெய்ச் செலவு வந்தது, அதை ஈடுகட்ட இன்னும் தூரம் போகவேண்டி வந்தது.

அந்தத் தூரத்தில்தான் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்து பிடித்தது. 30ஆம் தேதி புயல் என்று அறிவித்தபோது பக்கத்துக் கடலுக்குப் போனவர்கள் ஏற்கனவே கடலில். தூத்தூர் படகுகளோ பல நாள் பயணத்தில் நடுக்கடலில். இரண்டு மாநிலமும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள், தங்கள் ஆட்களைத் தேடச் சொல்லித்தான் கேட்டார்கள். பழைய பாய்க்காலத்து அறிவு இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது சேதி எட்டுகிற கருவி.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 1998 சிட்னி - ஹோபார்ட் போட்டி. 115 படகுகள் கிளம்பின, புயலில் 44தான் முடித்தன. ஆறு பேர் இறந்தார்கள், 55 பேரைக் கடலிலிருந்து தூக்கினார்கள். மரண விசாரணை இரண்டு வருடம் நடந்தது. வானிலை அறிக்கையின் வார்த்தைகள், ரேடியோ, உயிர்காப்புச் சட்டை, குழுவில் இத்தனை பேர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் அலசி விதிகளை மாற்றினார்கள். என் அலுவலக நண்பர் போன பயிற்சி வகுப்பும் அதன் தொடர்ச்சிதான். அங்கே ஒவ்வொரு படகிலும் யார் யார் இருந்தார்கள் என்று கரையில் பட்டியல் இருந்தது. எங்கள் கரையில் ஒக்கிக்குப் பிறகு, எந்தப் படகில் எத்தனை பேர் போனார்கள் என்பதையே வீடு வீடாகக் கேட்டு எழுதவேண்டியிருந்தது.

பாய் போட்டு மரம் ஓட்டிய கடைசித் தலைமுறை 1980இல் இருபது வயது என்று வைத்தாலும் இப்போது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பூவாறு முதல் இரயுமன்துறை வரை எந்த ஊரிலாவது உங்களுக்கு உறவோ பழக்கமோ இருந்தால், அடுத்த விடுமுறையில் போகும்போது போனில் பதிவு செய்துகொண்டு வாருங்கள். பாயை எந்தச் சாயத்தில் ஊறப்போட்டார்கள், பலகையை எந்தக் காற்றுக்கு எவ்வளவு இறக்கினார்கள், வாடைக்கும் கச்சானுக்கும் நடுவில் அவர்கள் வைத்திருந்த மற்றக் காற்றுகளின் பெயர் என்ன, எந்த மலையையும் எந்தக் கோபுரத்தையும் சேர்த்து எந்தப் பாருக்குப் போனார்கள். கூடவே அந்த மரத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பெயரையும் கேளுங்கள்.