அணை மறித்த பாதையும் சம்பளம் வாங்காத கேங்மேன்களும்

ரயில்வேயின் பொறியியல் பிரிவில், தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். கேங்மேன் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். வெயிலில் தண்டவாளம் தொட முடியாதபடி கொதிக்கும். மழையில் ஜல்லிக்கு அடியில் சேறு பொங்கும். ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியை அடித்து இறுக்கும் பேக்கிங் வேலையை அரை மணி நேரம் செய்து பார்த்தால் போதும், இடுப்பு பேசும். சம்பளமும் பென்ஷனும் இருப்பதால்தான் ஆட்கள் வந்தார்கள். அதிலும் பாதிப் பேர் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதே வேலையை, சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, லீவு நாளில், ஒரு பைசா கூலி இல்லாமல் சிலர் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 13 வருடம். பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் மலைநாட்டில் இது நடந்தது. கைவிடப்பட்ட பழைய ரயில் பாதைகளைத் தொண்டர்கள் மீட்டுத் திறந்த கதைகள் உலகில் பல உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னோடி வேல்ஸ்தான்.

நாமெல்லாம் சிறுவயதில் சிலேட்டில் எழுதிப் பழகியவர்கள். அந்த சிலேட்டுக் கல் வேல்ஸ் மலைகளில் ஏராளம். அதை மெல்லிய பலகைகளாகப் பிளந்து வீட்டுக் கூரைக்குப் போடுவார்கள். குவாரியிலிருந்து கடற்கரைத் துறைமுகத்துக்குக் கல்லைக் கொண்டுவரப் போட்டவைதான் அங்குள்ள குட்டி ரயில் பாதைகள். கூரைக்கு வேறு பொருட்கள் வந்ததும் சிலேட்டு வியாபாரம் படுத்தது. பின்னாலேயே ரயிலும் படுத்தது.

முதலில் மீட்கப்பட்டது டலிலின் என்ற பாதை. 1860களில் போட்டது, நீளம் 12 கிலோமீட்டர்கூட வராது. அதன் உரிமையாளர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லி, நஷ்டத்திலும் ஓட்டிக்கொண்டிருந்தார். 1948இல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகள் தேசியமயமானபோது இந்தச் சின்னப் பாதை பட்டியலில் சேரவே இல்லை. 1950இல் அவர் இறந்தார். ஒரே ஒரு எஞ்சின்தான் ஓடும் நிலையில் இருந்தது. கட்டைகள் மக்கி, தண்டவாளம் புல்லுக்குள் புதைந்து கிடந்தது. தண்டவாளத்தை நகராமல் பிடித்திருந்தது அந்தப் புல்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

டாம் ரோல்ட் என்பவர் பொறியாளர், எழுத்தாளர். 1950 அக்டோபரில் பர்மிங்ஹாமில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு, இந்தப் பாதையை நாமே நடத்துவோம் என்று ஒரு சங்கத்துக்கு வித்திட்டார். காலமானவரின் மனைவி பங்குகளை ஒப்படைக்கச் சம்மதித்தார். 1951 மே 14 அன்று தொண்டர்களின் முதல் ரயில் கிளம்பியது. முதல் இரண்டு வருடம் ரோல்டே மேனேஜர். பக்கத்தில் மூடிப்போயிருந்த காரிஸ் ரயில்வேயும் இதே அபூர்வமான இரண்டே கால் அடி கேஜ். அதன் இரண்டு எஞ்சின்களை ஆளுக்கு 25 பவுண்டு விலைக்கு வாங்கிவந்து சமாளித்தார்கள். நம் பேரப்பிள்ளைகள் டிவியில் பார்க்கும் 'தாமஸ்' ரயில் கதைகளை எழுதிய ஆட்ரி பாதிரியாரும் இங்கே வந்து தொண்டராக வேலை செய்தவர்தான்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது, இதற்குக் கொஞ்சம் வடக்கே உள்ள ஃபெஸ்டினியாக் பாதையின் கதை.

இது இன்னும் பழையது. 1832இல் பாராளுமன்றச் சட்டம், 1836இல் திறப்பு. மலை மேலிருக்கும் பிளைனை ஃபெஸ்டினியாக் ஊரிலிருந்து கடற்கரைப் போர்த்மடாக் வரை சுமார் 22 கிலோமீட்டர். கேஜ் இரண்டு அடிக்கு அரை அங்குலம் குறைவு. நம் மீட்டர் கேஜே அதற்கு அண்ணன். பாதை முழுக்க ஒரே சீரான இறக்கமாகப் போட்டிருந்ததால், கல் ஏற்றிய வேகன்கள் எஞ்சின் இல்லாமல் தானாகவே உருண்டு கீழே வரும். பிரேக் போட ஆள் மட்டும் இருப்பார். காலி வேகன்களை மேலே இழுக்கக் குதிரை. இறங்கும்போது அந்தக் குதிரைகளும் கடைசி வேகனில் ஏறி, தீனி தின்றுகொண்டே சவாரி செய்து வரும்! 1863இல் நீராவி எஞ்சின் வந்தது. இவ்வளவு குறுகிய கேஜிலும் உருப்படியாக ரயில் ஓட்ட முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய பாதை இது. 1870இல் இங்கே நடந்த எஞ்சின் சோதனைகளைப் பார்க்க ரஷ்யாவிலிருந்துகூட ஒரு குழு வந்தது.

1939இல் பயணிகள் ரயில் நின்றது. 1946இல் சரக்கும் நின்றது. இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். 1832ஆம் வருடச் சட்டத்தில் ரயில் பாதை போட அனுமதி இருந்தது. பாதையை மூட, கழற்ற வழிசெய்யும் பிரிவு எதுவும் இல்லை. புதிய சட்டம் கொண்டுவரச் செலவு செய்யக் கம்பெனியிடம் பணமும் இல்லை. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள். தண்டவாளம், வேகன், பட்டறையில் எஞ்சின் எல்லாம் அப்படியே துருப்பிடித்துக் கிடந்தன. சட்டம் எழுதிய குமாஸ்தா ஒரு பத்தியைக் கூடுதலாக எழுதியிருந்தால் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

1951இல் ஒரு 17 வயதுப் பையன் முன்முயற்சியில் ஆர்வலர்கள் பிரிஸ்டலில் கூடினார்கள். 1954இல் ஆலன் பெக்லர் என்ற தொழிலதிபர் கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். லாபத்துக்கு அல்ல, பங்குகளைப் பிறகு ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். 1955 ஜூலை 23 அன்று, முதல் உலகப் போர்க் காலத்துச் சின்ன எஞ்சின் ஒன்று, போர்த்மடாக்கிலிருந்து கடல் தடுப்புக் கரை மேல் ஒரு மைல் தூரம் ரயிலை இழுத்துப் போனது. அவ்வளவுதான் தொடக்கம். 1956, 1957, 1958 என்று வருடத்துக்கு ஒரு ஸ்டேஷனாக மேலே ஏறினார்கள். முள்ளை வெட்டி, வடிகாலைத் தோண்டி, கட்டை மாற்றி, அரசாங்க ரயில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகே பயணிகளை ஏற்றினார்கள். தொண்டர் என்பதால் பாதுகாப்பு விதியில் சலுகை ஒன்றும் கிடையாது.

ஆனால் மேலே ஒரு பெரிய இடி காத்திருந்தது. மின்சார வாரியம் அந்த மலையில் நீர்மின் நிலையம் கட்டத் திட்டமிட்டது. இரவில் மலிவான மின்சாரத்தால் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் முறை. நம் கோவை மாவட்டக் காடம்பாறைப் பக்கம் பேசப்படும் அதே முறைதான். கீழ் ஏரி வரவேண்டிய இடத்தில்தான் ரயில் பாதை கிடந்தது. சட்டப்படி நிலம் எடுக்கப்பட்டது. 1963இல் மின் நிலையம் திறக்கப்பட்டது. பாதையின் மேல் பகுதி தண்ணீருக்குள் போனது. பழைய குகையின் மறு வாயும் பயனில்லாமல் போனது.

கம்பெனி வழக்குப் போட்டது. ஏறத்தாழ 18 வருடம் இழுத்து, 1972இல் 1,06,700 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. ஆனால் தீர்ப்பு வரட்டும் என்று தொண்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1965 ஜனவரியில், குளிர் நடுவில், மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள்.

வேலை என்ன தெரியுமா? ஏரியைச் சுற்றி, மலைச்சரிவை வெட்டி, புதிதாக நான்கு கிலோமீட்டர் பாதை. பழைய மட்டத்தில் போனால் தண்ணீர் இடிக்கும். ஆகவே குறுகிய இடத்தில் உயரம் ஏற வேண்டும். அதற்குத் தியால்ட் என்ற இடத்தில் பாதையை வட்டமாகச் சுற்றி, தன் தலைக்கு மேல் தானே தாண்டும்படி அமைத்தார்கள். டார்ஜிலிங் போனவர்கள் பதாசியா லூப்பைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதுபோல. இந்தச் சுற்றால் பாதை 35 அடி உயர்ந்தது. பிரிட்டனின் பயணிகள் ரயில் பாதைகளில் இப்படி ஒரு சுற்று வேறு எங்கும் இல்லை.

வார இறுதியில் வந்தவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், ஆபீஸ் ஆட்கள். சாலை போகாத இடம். கருவிகளையும் ஆட்களையும் ரயிலிலேயே ஏற்றிப் போக வேண்டும். கடப்பாரை, மண்வெட்டி, தள்ளு வேகன். அங்கேயே பழைய வீட்டில் வசித்த காம்ப்பெல் என்ற ராணுவ கர்னலிடம் வெடிமருந்து லைசென்ஸ் இருந்தது. அவர் பாறையை வெடிவைத்துத் தந்தார். தொண்டர்கள் தங்க இடமும் கொடுத்தார். இன்றும் அங்கே 'காம்ப்பெல் பிளாட்ஃபார்ம்' என்று ஒரு நிறுத்தம் உண்டு.

எல்லாமே தொண்டால் முடிந்தது என்று சொன்னால் அது உண்மை அல்ல. சுமார் 287 மீட்டர் புதிய குகையைச் சுரங்கத் தொழில் தெரிந்த கார்ன்வால் ஆட்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தித்தான் 1975 முதல் 1977 வரை குடைந்தார்கள். அரசு உதவியும் வந்தது. எதைத் தாங்கள் செய்யலாம், எதைத் தொழில்காரரிடம் விட வேண்டும் என்று தெரிந்திருந்தது அவர்களுடைய பலம் என்றே நான் நினைக்கிறேன். குகையில் ஆர்வக்கோளாறு உயிரைக் குடிக்கும்.

1978 ஜூனில் ரயில் ஏரியைத் தாண்டி டானிகிரிசை ஊரை எட்டியது. 1982 மே 25 அன்று மேல் முனையான பிளைனை ஃபெஸ்டினியாக்கை அடைந்தது. முதல் சட்டம் வந்து 150 வருடம், முதல் கூட்டம் போட்டு 31 வருடம். 17 வயதில் கூட்டம் கூட்டிய பையனுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. 2021இல் வேல்ஸ் சிலேட்டு நிலப்பரப்பு யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானபோது இந்த இரண்டு பாதைகளும் அதில் சேர்ந்தன.

இந்தக் கதையில் என்னைத் தொடுவது நீராவி எஞ்சின் அல்ல. எஞ்சினை நேசிக்க எல்லோருக்கும் வரும். விசில் அடித்தால் குழந்தைகூட ஓடிவரும். ஆனால் எஞ்சின் ஓட்ட ஆசைப்பட்டு வந்த நூறு பேரில் எத்தனை பேர் வடிகால் தோண்டச் சம்மதித்தார்களோ, அத்தனை தூரம்தான் பாதை முன்னேறியது. ரயில்வே உத்தியோகத்தில் நான் கண்டதும் இதுதான். டிரைவருக்குக் கைதட்டல் கிடைக்கும். கீமேன் காலையில் சாவியும் சுத்தியலும் தூக்கிக்கொண்டு பாதை முழுக்க நடந்து, தளர்ந்ததை இறுக்கிவிட்டுப் போனதை யாரும் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் ரயில் அரசாங்கத்தினுடையது. வேல்ஸ் மாதிரி நாம் சங்கம் வைத்துப் பாதை போட முடியாது. நம் நீலகிரி மலை ரயிலை அரசு ஊழியர்கள்தான் காப்பாற்றி வருகிறார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து, மரம் விழுந்து, பாதை மூடும். கேங் ஆட்கள் போய் அள்ளிப்போட்டுத் திறப்பார்கள். அடுத்தமுறை பேரப்பிள்ளைகளோடு மேட்டுப்பாளையத்தில் அந்த ரயில் ஏறினால், எஞ்சினோடு நின்று போட்டோ எடுங்கள், தப்பில்லை. வழியில் ஓரமாக ஒதுங்கி நின்று ரயிலுக்கு வழிவிடும் ஆரஞ்சுச் சட்டைக்காரர்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு பாதை உயிரோடு இருப்பது அவர்களால்தான்.