கைரேகை சரி, ஆதார் சரி, கம்ப்யூட்டர் நேரம்தான் தப்பு! புரோகிராம் வழியாகக் கடிகாரத்தை மாற்றுவது எப்படி?

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் ஒரு பொதுச் சேவை மையம் என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் சான்றிதழ் பதிய வந்த ஓய்வூதியர் விரலை வைக்கிறார். ரேகை சரி, ஆதார் எண்ணும் சரி. ஆனால் திரையில் '562' என்று பிழை வருகிறது. இனி 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வேறு மையம் தேட வேண்டுமா?

562 என்றால் என்ன?

கைரேகையோடு நேர முத்திரையும் ஆதார் சர்வருக்குப் போகிறது. அந்த நேரம் சர்வர் நேரத்தைவிட அதிகமாக முந்தியிருந்தால் 562, ரொம்பப் பழையதாக இருந்தால் 561. இரண்டுமே ரேகையின் குறை அல்ல.

கடிகாரம் ஏன் தப்புகிறது?

கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது நேரத்தைக் காப்பது மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். அதைச் சரிசெய்யப் பலர் சின்ன புரோகிராம் எழுதி வைக்கிறார்கள். சிக்கல் அங்கேயும் வரலாம்.

புரோகிராம் நேரத்தை எப்படி மாற்றுகிறது?

புரோகிராம் நேரடியாகக் கடிகாரத்தைத் தொட முடியாது. இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். அதற்கான வாசல்தான் ஏபிஐ. விண்டோஸில் அதன் பெயர் 'செட்சிஸ்டம்டைம்'. லினக்ஸில் 'கிளாக்_செட்டைம்'.

விண்டோஸின் இந்த ஏபிஐ எதிர்பார்ப்பது இந்திய நேரத்தை அல்ல, உலகப் பொது நேரமான யுடிசியை. காலை 10 மணியை அப்படியே கொடுத்தால், இந்தியாவுக்கான 5.30 மணி நேரத்தை அது கூட்டி, மாலை 3.30 என்று காட்டும். 562 வர இதுவே போதும்! இந்திய நேரத்தையே கொடுக்க 'செட்லோக்கல்டைம்' என்று தனி ஏபிஐ இருக்கிறது.

எல்லோரும் மாற்றலாமா?

முடியாது. அனுமதி இல்லாத புரோகிராம் கேட்டால் விண்டோஸ் 1314 என்ற பிழை எண்ணைத் தரும். லினக்ஸிலும் ரூட் அல்லது அதற்கான தனி உரிமை வேண்டும். நேரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால், பதிவேடுகளின் நேரத்தை நம்பவே முடியாது.

சட்டென மாற்றினால் என்ன?

கடிகாரம் பின்னால் தாவினால், ஒரே நிமிடம் இரண்டு முறை வந்து பதிவுகளின் வரிசை குழம்பும். அதனால் சிறிய பிழைகளுக்கு லினக்ஸில் 'அட்ஜ்டைம்' உண்டு. இது முள்ளைத் தள்ளுவதில்லை, கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓட விடுகிறது. வினாடிக்கு அதிகபட்சம் 500 மைக்ரோ வினாடிதான். ஒரு வினாடிப் பிழை தீர சுமார் 33 நிமிடம் ஆகும்.

சரியான நேரம் எங்கே கிடைக்கும்?

இந்திய நேரத்தைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். நெட்வொர்க் வழியாக நேரம் வாங்கும் முறைக்கு என்டிபி என்று பெயர். இந்த ஆய்வகம் அல்லது தேசிய தகவலியல் மையத்தின் என்டிபி சர்வர்களுடன், அல்லது அவற்றை ஒட்டி இயங்கும் சர்வர்களுடன் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும் என்று, நிறுவனங்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

'விரல் பதியல, நாளைக்கு வாங்க' என்று சொன்னால் உடனே கிளம்ப வேண்டாம். பிழை எண் என்ன என்று கேளுங்கள். 561 அல்லது 562 என்றால், கம்ப்யூட்டரின் தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்துவிட்டு மறுபடியும் விரலை வைத்தால் போதும்.