மெய்யுணர்வு யாவர்க்கும் உரியது

தத்துவ ஞானம் என்ற அளவில், அது மனையும் தொழிலும் துறந்த முனிவர்க்கும், இருமொழியும் முற்றக் கற்ற புலவர்க்குமே உரியது என்றும், உழுதும் விற்றும் உண்டு வாழ்வார்க்கு அதனால் ஆவதொன்றில்லை என்றும் கருதுவார் பலர். இக்கருத்துப் பொருந்தாமையை நடுநாட்டு வரலாறே காட்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம், முனிவர் வந்தித்த தலமென்று பெயர்க்காரணம் கூறப்பெறுவது. அங்கு இறைவன் திருப்பெயர் அர்த்தநாரீசுவரர். அம்மை திருப்பெயர் முத்தாம்பிகை. தேனால் திருமஞ்சனம் ஆட்டுங்கால் சிவலிங்கத்தில் அம்மையின் திருவுருவும் தோன்றும் என்பது அடியார் நம்பிக்கை. அதனைக் கும்பிட்டு நிற்கும் உழவன் ஒருவன், 'ஒரு பொருளே இரண்டாய் நிற்றல் எங்ஙனம்?' என்று எண்ணுவானாயின், அப்பொழுதே அவன் தத்துவ ஆராய்ச்சியுட் புகுந்தவனாவான். அவன் நூல் கல்லாமையால் அவ்வினா இழிந்ததாகாது.

அவ்வினாவோடு இயைந்த பொருளையே, அவ்வூர்க்குக் கிழக்கே திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் வைத்தார். இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்றலும், தன் ஆணையாகிய சத்தியினின்று நீக்கமின்றி நிற்றலும் ஆண்டுக் கூறப்பெற்றன.

அந்நூல் 12 சூத்திரங்களும் 40 அடிகளுமே உடையது. ஆயினும் ஒவ்வொரு கூற்றும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையால் நிறுவப்பெறும். மூன்றாஞ் சூத்திரம் உயிர் உண்டென்பதற்குக் காட்டும் ஏதுக்களை நோக்குக. 'இல்லை' என மறுத்தற்கும் மறுக்கும் அறிவு ஒன்று வேண்டும். 'எனது உடல்' என்பான், உடலின் வேறாய தன்னையே சுட்டுகின்றான். கண் கண்டதைச் செவி அறியாது. ஐம்புலனையும் ஒருங்கே அறிவது ஒன்று உண்டு. உறங்குங்கால் உடம்பு கிடப்பினும் உண்டலும் தொழிலும் இல்லை. இவ்வேதுக்கள் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டன அல்ல. உறங்கி விழிக்கும் எவரும் தம் வாழ்விலேயே ஆராய்ந்து பார்க்கத்தக்கன.

சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்றவரும் மெய்கண்டாரின் குலகுருவுமாகிய அருணந்தியார், தம்மினும் இளையரான அவரிடம் ஆணவ மலத்தின் இயல்பை வினவி, விடையுணர்ந்து, அவர்க்கே மாணவரானார் என்பது வழிவழி வந்த வரலாறு. உண்மையின் முன் ஆண்டும் குலமும் கல்விப் பெருமையும் நில்லா என்பதே இதன் பொருள். அவர் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், உலோகாயதம் முதலாகப் பதினான்கு கொள்கைகளை முதலில் அவரவர் கூற்றாகவே எடுத்துரைத்துப் பின்னரே மறுக்கின்றது. பிறர் கொள்கையைச் செவ்வனே கேளாது மறுத்தல் ஆராய்ச்சியாகாது. மெய்கண்டார் மாணவருள் மற்றொருவராகிய திருவதிகை மனவாசகங் கடந்தாரோ, தம் உண்மை விளக்கத்தை மாணவன் வினவ ஆசிரியன் விடைகூறும் முறையில் அமைத்தார்.

வினாவே தத்துவத்தின் வாயில் என்பதைப் பிறநாட்டாரும் உணர்ந்தனர். கிரேக்கர் அதற்கு இட்ட பெயர் 'அறிவின்பால் அன்பு' என்னும் பொருளது. ஏதென்சு நகரத்துச் சந்தையிலே கைவினைஞரையும் ஆட்சியாளரையும் ஒருங்கே வினவிய சாக்கிரட்டீசு, கி. மு. 399இல் நஞ்சுண்டு இறக்க நேர்ந்தது.

இனி, இஃது எல்லார்க்கும் வேண்டுவது ஏன்? அயலான் வறுமையைக் கண்டு, 'அவன் தலைவிதி' என்று கூறி அகல்வான் ஒருவன். அவன் வினையைப் பற்றிய ஒரு கொள்கையை மேற்கொண்டவனே. 'உண்டு களிப்பதே வாழ்வு' என்பான் மற்றொருவன். அவன் பெயரறியாத உலோகாயதன். பிணத்தின் அருகிருந்து, 'எங்கே போயினான்?' என்று அழுபவள், உயிரைப் பற்றி வினவுகின்றாள். ஆகவே தத்துவம் இல்லாதார் ஒருவரும் இலர். தம் தத்துவத்தை ஆராயாதாரே பலர். ஆராயாத கொள்கை, உடையானை மட்டுமன்றி அவன் அயலாரையும் வருத்தும்.

சிவஞானபோதம் 1854இல் ஆய்சிங்டன் என்பவரது ஆங்கில மொழிபெயர்ப்பாக அமெரிக்க நாட்டில் அச்சேறியது, 1895இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நடுநாட்டுச் சிற்றூரில் எழுந்த வினா கடல் கடந்து சென்றது. அவ்வினா, அது பிறந்த நாட்டு உழவர்க்கும் வணிகர்க்கும் அயலதாய்ப் போதல் தகாது. நாடோறும் தாம் கூறும் 'யான்', 'எனது' என்னும் சொற்களின் பொருளைச் சிறிது நின்று நோக்குவார்க்கு, அவ்வாராய்ச்சி அங்கேயே தொடங்கும்.