கர்நாடகத்தில் எந்தத் தாலுகா பின்தங்கியது? அதை முடிவு செய்யும் கணக்கு எது?

லிங்கராஜபுரம் மேம்பாலத்தைத் தாண்டி ஹென்னூர் சாலை வழியாக ஆபீஸ் போகிறவரா நீங்கள்? வழியில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர்களிடம் சொந்த ஊர் எதுவென்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பீகார், ஒடிசா என்பார்கள் சிலர். யாத்கிர், ராய்ச்சூர், கலபுரகி என்பவர்களும் இருப்பார்கள். இதே மாநிலத்துக்காரர்கள்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் எழுத்தறிவு 87.67%. யாத்கிர் மாவட்டத்தில் 51.83%. ஒரே அரசு, ஒரே பட்ஜெட், ஆனா ரெண்டும் வேற வேற உலகம்.

இந்த இடைவெளியை அளந்து சொல்லும் வேலையை 2000-ல் எஸ்.எம். கிருஷ்ணா அரசு பொருளாதார அறிஞர் டி.எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான குழுவிடம் ஒப்படைத்தது. 2002-ல் வந்த அந்த அறிக்கையைத்தான் கர்நாடக அரசியலில் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

குழு என்ன செய்தது?

விவசாயம், தொழில், சாலை, வங்கி, பள்ளி, மருத்துவம் என 35 குறியீடுகளை எடுத்துக்கொண்டு, அப்போதிருந்த 175 தாலுகாக்களுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டது. மாநில சராசரிதான் 1. அதற்குக் கீழே இருந்தால் பின்தங்கியது. ராய்ச்சூர் மாவட்டத்தின் தேவதுர்கா 0.53 வாங்கிக் கடைசியில் நின்றது. மொத்தம் 114 தாலுகாக்கள் பின்தங்கியவை, அவற்றில் 39 மிகமிகப் பின்தங்கியவை என்று பட்டியல் வந்தது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வடக்கு ஏழை, தெற்கு பணக்காரன் என்ற பேச்சை இந்தப் பட்டியல் அப்படியே ஏற்கவில்லை. 114-ல் வடக்கில் 59, தெற்கில் 55. பெங்களூருவிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கனகபுராகூட அந்த 39-க்குள் இருந்தது. ஆனால் வடக்கின் பள்ளம் ஆழமானது: 39-ல் 21 தாலுகாக்கள் அன்றைய குல்பர்கா கோட்டத்தைச் சேர்ந்தவை.

எட்டு ஆண்டுகளில் 31,000 கோடி ரூபாய் செலவிட வேண்டும் என்றது குழு. சிறப்பு வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் பணம் ஒதுக்கத் தொடங்கியது 2007-08-ல்தான். ஒதுக்கியதும் முழுதாகச் செலவாகவில்லை. பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் வந்தாலும் ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடந்தால் அந்தப் பணம் என்ன செய்யும்? 2012-ல் நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தைத் திருத்தி 371ஜே பிரிவைச் சேர்த்தது. இப்போது கல்யாண கர்நாடகம் எனப்படும் அந்தப் பகுதிக்குத் தனி வளர்ச்சி வாரியம், வேலையிலும் கல்வியிலும் உள்ளூர் ஒதுக்கீடு கிடைத்தன. அதற்குப் பிறகும் கட்டட வேலைக்கு பஸ் ஏறுவது நிற்கவில்லை.

கானா சொல்லும் பாடம்

ஆட்கள் மேல் மட்டும் பழி போட முடியாது, அளவுகோலுக்கும் இதில் பங்கு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவைப் பாருங்கள். 2010 நவம்பரில் அந்நாட்டுப் புள்ளியியல் துறை, மொத்த உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை 1993-லிருந்து 2006-க்கு மாற்றியது. பொருளாதாரம் சுமார் 60% பெரிதாகிவிட்டது! மொபைல் தொலைபேசி, வங்கி, சேவைத் துறை எல்லாம் பழைய கணக்கில் சரியாகப் பதிவாகவே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக கானா நடுத்தர வருமான நாடானது. சந்தையில் கிழங்கு விற்றவரின் கையில் மறுநாள் ஒரு காசுகூடக் கூடவில்லை. ஆனால் நாடு மேல்படிக்கு ஏறினால், சலுகை வட்டிக் கடனுக்கான தகுதி படிப்படியாகச் சுருங்கும். 2014-ல் நைஜீரியா இதே கணக்கைத் திருத்தியபோது 89% உயர்ந்து, தென்னாப்பிரிக்காவை முந்தியது.

சொந்தக் கணக்கைச் சொந்தமாகப் போட ஆள் வேண்டும் என்ற கவலையில்தான் 1988-ல் நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆப்பிரிக்கப் பொருளாதார ஆய்வுக் கூட்டமைப்பு உருவானது. பெங்களூரு இதில் கொஞ்சம் முந்திக்கொண்டது. நகரின் மேற்கே நாகர்பாவியில் இருக்கும் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை வி.கே.ஆர்.வி. ராவ் 1972-லேயே தொடங்கிவிட்டார். அதன் முன்னாள் இயக்குநர் எம். கோவிந்த ராவ் தலைமையில்தான் 2024-ல் கர்நாடக அரசு புதிய ஏற்றத்தாழ்வுக் குழுவை அமைத்தது.

புதிய கணக்கில் என்ன சிக்கல்?

முதலில், தரவு. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 எண்களை வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. தாலுகாக்களும் இதற்குள் 230-ஐத் தாண்டிவிட்டன. நேற்றுப் பிரிந்த தாலுகாவுக்குப் பழைய கணக்கு தனியாக எங்கே கிடைக்கும்?

அடுத்து, சராசரி. தும்கூர் மாவட்டத்தின் பாவகடாவும் 2002 பட்டியலில் மிகமிகப் பின்தங்கியதுதான். இன்று அங்கே 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா இருக்கிறது. சுமார் 13,000 ஏக்கர், விவசாயிகளிடமிருந்து குத்தகைக்கு. நிலம் உள்ளவருக்கு வருஷா வருஷம் வாடகை வருகிறது. அதே நிலத்தில் கூலிக்குக் களை பறித்தவருக்கு அந்த வேலை போய்விட்டது. தாலுகா சராசரி ஏறும், ஆனா யாருக்கு ஏறியது என்று அது சொல்லாது. லிங்கராஜபுரமும் இதற்கு விலக்கில்லை. முன்னேறிய பெங்களூருவின் கணக்கில், ஐடி சம்பளக்காரரும் பக்கத்துக் குடிசைப் பகுதிக்காரரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். என் பார்வையில், எத்தனை கோடி என்பதைவிட எந்த அலகில் அளக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

புதிய கணக்கெடுப்பின் மக்கள்தொகை எண்ணிக்கை 2027 பிப்ரவரியில் நடக்கவிருக்கிறது. குறிப்பு நாள் மார்ச் 1. வறண்ட வடக்கு மாவட்டங்களில் அறுவடை முடிந்து பலர் வேலை தேடி வெளியூரில் இருக்கும் காலம் அது. ஹென்னூர் சாலையில் கம்பி கட்டும் அந்தத் தொழிலாளி யாத்கிர் கணக்கில் வருவாரா, பெங்களூரு கணக்கில் வருவாரா என்பது, அந்த நாட்களில் அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது.