‘டொகுயூ’ என்னும் சொல்: ஜப்பானின் பண்பாட்டுச் செயல்பாடுகள் விசாவில் கலையும் ஆசானும்

‘பண்பாட்டுச் செயல்பாடுகள்’ என்ற வதிவுத் தகுதியை ஜப்பானின் குடிவரவுச் சட்டம் வரையறுக்கும் இடத்தில் ‘வாகா குனி டொகுயூ’ என்றொரு தொடர் வருகிறது. ‘நம் நாட்டுக்கே உரிய’ என்பது அதன் நேர்ப்பொருள். தேநீர்ச் சடங்கையோ ஜூடோவையோ கற்பதற்காக ஓராண்டு, மூன்றாண்டு தங்க விரும்பும் அயல்நாட்டவரின் விண்ணப்பம் இத்தொடரைக் கடந்தாக வேண்டும். இதைப் பண்பாட்டுத் தேசியத்தின் முத்திரையாக வாசிக்கும் போக்கு ஒன்று உண்டு. வதிவுத் தகுதிகளின் இன்றைய அமைப்பு 1989இல் திருத்தப்பட்டு 1990 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் ஜப்பானில் ஓங்கி ஒலித்த ‘நிஹோன்ஜின்ரோன்’ எனும் தனித்தன்மைப் பேச்சோடு இத்தொடரை இணைப்பது எளிது. அந்த எளிமையே இவ்வாசிப்பைச் சோதனையிலிருந்து காத்துவந்திருக்கிறது என்று கருதுகிறேன்.

வரையறை மூன்று வழிகளைத் தருகிறது. வருமானம் இல்லாத கல்விசார் அல்லது கலைசார் செயல்பாடு ஒன்று. ஜப்பானுக்கே உரிய பண்பாட்டையோ ‘கிகெய்’ எனப்படும் கலைத்திறனையோ சிறப்பாக ஆராய்வது இரண்டு. வல்லுநர் ஒருவரின் வழிகாட்டலில் அதைக் கற்றுத் தேர்வது மூன்று. சிக்கல் மூன்றாவதில்தான் இருக்கிறது. மற்ற இரண்டையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

குடிவரவுத் துறையின் ஆய்வு வழிகாட்டி இத்தொடருக்குத் தரும் விளக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. இகெபானா எனும் மலரலங்காரக் கலை, தேநீர்ச் சடங்கு, ஜூடோ போன்றவற்றைச் சுட்டும்போது அது ‘கோயூ’ என்ற வேறொரு சொல்லைக் கையாள்கிறது. அடுத்து, கோயூ அல்லாதவையாயினும், உருவாக்கத்திலும் வளர்ச்சியிலும் ஜப்பான் பெரும்பங்கு வகித்தவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. ஜென்னும் கராத்தேயும் அதற்கு எடுத்துக்காட்டுகள். ஆக, கோயூ என்பது டொகுயூவின் ஒரு பகுதி மட்டுமே. இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்க்கும்போது இந்த வேறுபாடு கரைந்துபோகிறது. கோயூவைத் ‘தொன்றுதொட்டுச் சொந்தமான’ என்றும், டொகுயூவைச் ‘சிறப்பாக உரிய’ என்றும் தமிழில் பிரிக்கலாம். நம் இலக்கண மரபில் ‘சிறப்பெழுத்து’ என்பது வேறெந்த மொழியிலும் இல்லாத எழுத்து என்று பொருள்படாது. வடமொழியோடு பொதுவாகாதது என்றே பொருள்படும். டொகுயூவின் ‘சிறப்பு’ம் இந்த வகையைச் சேர்ந்தது.

வழிகாட்டி தேர்ந்த எடுத்துக்காட்டுகள் தற்செயலானவை அல்ல என்றே தோன்றுகிறது. கராத்தே ரியூக்யூ அரசில், சீனத் தொடர்பில் வளர்ந்தது. அந்த அரசு 1879இல் ஒக்கினாவா மாவட்டமாக ஜப்பானுடன் இணைக்கப்பட்டது. கராத்தே ஆசான் ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் தோக்கியோவில் அதைச் செய்துகாட்டினார். பெயரின் முதல் எழுத்தும் சீனத்தைக் குறித்ததிலிருந்து ‘வெறுமை’யைக் குறிப்பதாக மாறியது, 1936இல் நாஹாவில் கூடிய ஆசான்கள் அம்மாற்றத்தை ஏற்றனர். ஜென் பற்றிச் சொல்லவே வேண்டாம்: ‘தியானம்’ என்ற சொல்லே சீனம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. போதிதர்மரைக் காஞ்சிபுரத்தோடு இணைக்கும் மரபை நாம் உற்சாகமாகச் சொல்லிவருகிறோம். அவர் பிறப்பிடம் குறித்துச் சீன மூலங்களே ஒத்துப்போவதில்லை. வழிகாட்டிக்கு அந்த வழக்கே தேவைப்படவில்லை. தூய்மையைக் காக்க எழுதப்பட்ட விதியானால், அதை விளக்க இவ்விரண்டையும் யாரும் தேடிப் பிடித்திருக்க மாட்டார்கள்.

ஜூடோ இன்னும் தெளிவான சான்று. கானோ ஜிகோரோ 1882இல் கொதோகான் பயிற்சிப் பள்ளியை நிறுவியபோது பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளிலிருந்து வடித்தெடுத்த புதுமுறை அது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்று உலகப் பொதுவிளையாட்டாகிவிட்டது. ஆயினும் பட்டியலில் தேநீர்ச் சடங்கின் பக்கத்தில் இருக்கிறது. அதே ஜூடோ பிற இடங்களிலும் தலைகாட்டுகிறது. போட்டியிட்டுத் தொழில்முறையில் ஊதியம் பெற்றால் ‘கேளிக்கை நிகழ்ச்சி’த் தகுதி. ஒலிம்பிக், உலகப் போட்டி அளவிலான அமெச்சூர் வீரரை ஒரு நிறுவனம் மாதம் 2,50,000 யென் அல்லது அதற்கு மேல் கொடுத்து அமர்த்தினால் ‘குறித்த செயல்பாடுகள்’. மூன்றாண்டு அனுபவமோ பன்னாட்டுப் போட்டிகளில் பங்கேற்ற தகுதியோ உள்ளவர் பயிற்றுநராக வந்தால் ‘திறன்’. ஆசானிடம் கற்க வந்தால் மட்டுமே ‘பண்பாட்டுச் செயல்பாடுகள்’. மேடையும் மெத்தையும் வீச்சும் ஒன்றுதான், தகுதி நான்கு. விளையாட்டா, பண்பாடா என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவே இல்லை. வந்தவருக்கும் அங்குள்ளவருக்கும் இடையே என்ன உறவு, பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதையே கேட்கிறது. கலை என்ற சொல்லைச் சிலம்பத்துக்கும் கோலத்துக்கும் சேர்த்தே வழங்கும் நமக்கு இது வியப்பளிக்கக் கூடாது.

வழிகாட்டி நிர்வாக ஆவணம்தான், சட்டம் அன்று என்று மறுக்கலாம். உண்மை, ஆனால் விண்ணப்பத்தை எடைபோடும் அலுவலர் கையில் இருப்பது அதுவே. நிஹோன்ஜின்ரோன் வரைவாளர்களின் மனத்தில் இல்லவே இல்லை என்றும் நான் வாதிடவில்லை. மனத்தில் இருந்தது வேறு, விதி செய்யும் வேலை வேறு.

அந்த வேலை எது என்பதற்கு, கேட்கப்படும் தாள்களே போதும். செயல்பாட்டின் உள்ளடக்கமும் காலமும், விண்ணப்பதாரரின் கல்வியும் பணியும், தங்கும் செலவைத் தாங்கும் வழியும் ஆகியவற்றுக்கான ஆவணங்களுடன், கற்பிக்கும் வல்லுநரின் தொழில்வரலாறும் சாதனைகளும் அடங்கிய ஆவணமும் வைக்கப்பட வேண்டும். கலையின் தொன்மைக்குச் சான்று கேட்கப்படுவதில்லை. ஆசானின் தகுதிக்குச் சான்று கேட்கப்படுகிறது. தேசியத் தூய்மை என்ற வாசிப்பு இந்த ஒரு தாளின் முன் நிற்காது.

உறவு மாறினால் தகுதியும் தளர்ந்துவிடுகிறது. இந்த விசாவில் மூன்றாண்டு ஜூடோ பயின்ற மாணவர், அதே பயிற்சிக்கூடத்தில் கட்டணம் வாங்கி ஒரு வகுப்பு எடுக்க விரும்பினாலும், அதற்குத் தனியே அனுமதி பெற வேண்டும்.